ஆணா, பெண்ணா? சேலம், ஏற்காடு பக்கத்துச் சின்னக் குருவிகளை இறகை வைத்து அடையாளம் காண்பது எப்படி

பளபளவென்று இருந்தால் ஆண், மங்கலாக இருந்தால் பெண். பறவை பார்க்க ஆரம்பிக்கும் எல்லோரும் இந்த ஒரே கணக்கோடுதான் வருகிறார்கள். மயிலுக்கு இது சரி, கோழிக்கும் சரி. ஆனால் நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து தொங்கும் தேன்சிட்டுக்கோ, ஏற்காடு காபித் தோட்டத்தில் கிளை மாறிக்கொண்டே இருக்கும் மாம்பழச்சிட்டுக்கோ இதே கணக்கைப் போட்டால் அது அடிக்கடி காலை வாரிவிடும். மங்கலாக இருக்கும் குருவி பெண்ணாக இருக்கலாம், போன மாதம் கூட்டைவிட்டு வந்த ஆண் குஞ்சாக இருக்கலாம், இனப்பெருக்கக் காலம் முடிந்து கல்யாண உடையைக் கழற்றிவிட்ட வளர்ந்த ஆணாகவும் இருக்கலாம்.

அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறகில் வித்தியாசம் உண்டா? இது எந்த மாதம்? இது வளர்ந்த பறவையா, குஞ்சா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், எந்த இறகைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். உடம்பு முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. பெரும்பாலான குருவிகளில் ஒரே ஒரு இடம் போதும்: வால், தொண்டை, தோள், பிட்டம், நெற்றி, இவற்றில் ஏதோ ஒன்று.

முதலில், வித்தியாசமே இல்லாதவை

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் நேரத்தை வீணாக்குகிறார்கள். சின்னான் என்கிற கொண்டைக்குருவி, மைனா, காகம், இரட்டைவால் குருவி, தவிட்டுக்குருவி, வெள்ளைக்கண்ணி, செம்மார்புக் குக்குறுவான், இவற்றிலெல்லாம் ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். ஏற்காட்டில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும் சிவப்பு மீசைச் சின்னான் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதில் ஒன்றின் கொண்டை கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது என்பதற்காக அதை ஆண் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆங்கிலப் புத்தகங்களில் வரும் ரென் என்ற குருவியும் இந்தக் கட்சிதான். தமிழ்நாட்டில் அது கிடையாது, இந்தியாவில் இமயமலைப் பக்கம் போனால் பார்க்கலாம். சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், பழுப்பு உடம்பில் மெல்லிய கருங்கோடுகள், எப்போதும் தூக்கி நிற்கும் குட்டை வால். ஆணுக்கும் பெண்ணுக்கும் இறகில் ஒரு வித்தியாசமும் இல்லை. அங்கே நடத்தையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆண் பல கூடுகளைக் கட்டி வைக்கும், பெண் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே மெத்தை போடும். நம் ஊரில் அந்த உருவத்துக்குக் கிட்டத்தட்ட வருவது தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும். இரண்டிலும் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. தையல்சிட்டில் மட்டும் ஒரு சின்னத் துப்பு உண்டு: இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் ஊசி மாதிரி நீண்டுவிடும். அது தெரிந்தால் ஆண் என்று துணிந்து சொல்லலாம். தெரியாவிட்டால் எதையும் சொல்ல முடியாது, நீளாத ஆணும் அப்படித்தான் இருக்கும்.

நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அவற்றின் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். பல பறவைகளுக்குப் புற ஊதா ஒளி தெரியும். நாம் பார்க்கவே முடியாத வித்தியாசம் சில இனங்களில் அவற்றுக்கு நடுவே இருக்கிறது.

சிட்டுக்குருவியில் கை பழகுங்கள்

மளிகைக் கடை வாசலில் சிந்தின அரிசியைப் பொறுக்கும் சிட்டுக்குருவியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், கண்ணுக்குப் பின்னால் இருந்து பிடரி வரை செங்கல் பழுப்பு, கன்னம் வெளுப்பு, தொண்டையிலிருந்து மார்பு வரை கருப்பு. பெண்ணுக்கு இது எதுவும் கிடையாது, கண்ணுக்குப் பின்னால் வெளிறிய புருவக்கோடு ஒன்று ஓடும், அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கருப்புத் தொண்டை. புதிதாக இறகு மாற்றிய ஆணுக்கு அந்தக் கருப்பு இறகுகளின் நுனி வெளுப்பாக இருக்கும், அதனால் கருப்பு மூடிக்கிடக்கும். நாளாக நாளாக அந்த நுனி தேய்ந்து உதிர, உள்ளே இருக்கும் கருப்பு வெளியே வரும். அதாவது புது இறகு வந்துதான் நிறம் கூட வேண்டும் என்பதில்லை, பழைய இறகு தேய்ந்தும் கூடலாம். தொண்டையில் அழுக்கு மாதிரி லேசான கருப்பு தெரிந்தால் அது ஆண்.

மூன்று கருப்புக் குருவிகளும் அவற்றின் பெண்களும்

கஞ்சமலை அடிவாரம், குரும்பப்பட்டிப் பக்கம், மலைக்குப் போகும் வழியில் இருக்கிற பாறையும் முள்ளுமாக உள்ள புறம்போக்கு, இங்கெல்லாம் தரையோடு தரையாகத் திரியும் கருப்புக் குருவிகளில் ஆண்களைப் பிரிப்பது சுலபம், பெண்களைப் பிரிப்பதில்தான் வேலை இருக்கிறது.

கருஞ்சிட்டு ஆண், நம் தென்னாட்டில், முதுகு உட்படப் பளபளக்கும் கருப்பு. வடக்கே போனால் அதே பறவைக்கு முதுகு பழுப்பாகிவிடும், அதனால் வட இந்தியப் படங்களை வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். தோளில் ஒரு வெள்ளைத் தீற்று உண்டு, ஆனால் உட்கார்ந்திருக்கும்போது பல சமயம் அது மறைந்தே கிடக்கும், பறக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். பெண் சாம்பல் பழுப்பு, தோளில் வெள்ளை அறவே கிடையாது. இரண்டுக்கும் பொதுவானது, வாலைத் தூக்கும்போது அடியில் தெரியும் செம்பழுப்பு. இந்தக் குருவி வாலை முதுகுப் பக்கம் மடக்கித் தூக்கும் பழக்கம் உள்ளது என்பதால் அந்தச் செம்பழுப்பு தெரிய அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு ஆணும் கருப்புதான், ஆனால் சிறகில் வெள்ளைப் பட்டையும் பிட்டத்தில் வெள்ளையும் உண்டு. புதர் உச்சியிலோ வேலிக்கம்பி மீதோ நிமிர்ந்து உட்காரும். இதன் பெண்ணும் பழுப்பு, கருஞ்சிட்டுப் பெண்ணும் பழுப்பு. இங்கேதான் குழப்பம். பார்க்க வேண்டிய இடம் வாலின் வேர். புதர்ச்சிட்டுப் பெண்ணுக்குச் செம்பழுப்பு மேல் பக்கம், அதாவது முதுகும் வாலும் சேரும் பிட்டத்தில் இருக்கும். கருஞ்சிட்டுப் பெண்ணுக்கு அது வாலுக்கு அடியில், வயிற்றுப் பக்கம். பறந்து போகும்போது பின்னாலிருந்து செம்பழுப்பு தெரிந்தால் புதர்ச்சிட்டு, வாலைத் தூக்கும்போது அடியில் தெரிந்தால் கருஞ்சிட்டு.

மூன்றாவது குண்டுக்கரிச்சான். அஸ்தம்பட்டி மாதிரி மரம் உள்ள தெருக்களிலும் இருக்கிறது, ஏற்காட்டிலும் இருக்கிறது. ஆணுக்குத் தலை, மார்பு, முதுகு கரிய நீலப் பளபளப்பு. பெண்ணுக்கு அதே இடமெல்லாம் ஈயச்சாம்பல். வயிற்றிலும் சிறகிலும் உள்ள வெள்ளை இரண்டுக்கும் உண்டு. நிழலில் நிற்கும் ஆணும் வெயிலில் நிற்கும் பெண்ணும் போட்டோவில் ஒரே மாதிரி விழுந்துவிடும், அப்போது மார்பில் கருப்பும் வெள்ளையும் சேரும் கோட்டைப் பாருங்கள்: ஆணுக்கு அது கத்தியால் வெட்டியது போலிருக்கும், பெண்ணுக்குச் சாம்பல் கொஞ்சம் கரைந்த மாதிரி முடியும். மார்பில் காவிப் புள்ளிகளும் செதில் கோடுகளும் இருந்தால் குஞ்சு. கோடைக் காலத்தில் விடியற்காலையில் கம்பத்து உச்சியில் உட்கார்ந்து விடாமல் பாடுவது ஆண்.

தேன்சிட்டுகள்

இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். சேலத்தில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைப்பவை இரண்டு: ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் நீண்டு வளைந்த அலகோடு லோட்டன் தேன்சிட்டு.

முதலில் வெளிச்சத்தைப் பற்றி. தேன்சிட்டின் மினுமினுப்பு சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அதனால் கோணம் மாறினால் நிறமும் மாறும், நிழலில் முழுவதும் கருப்பாகிவிடும். மஞ்சள் அப்படியில்லை, அது சாயம், எங்கே பார்த்தாலும் மஞ்சள்தான். எனவே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் வெளிச்சம் சாய்வாக விழும், அதுதான் நல்ல நேரம்.

ஊதாப்பிட்டு ஆணுக்குத் தலை உச்சியில் பச்சை மினுமினுப்பு, தொண்டையும் பிட்டமும் ஊதா, முதுகும் மார்புப் பட்டையும் அரக்கு, வயிறு மஞ்சள். இது வருஷம் முழுவதும் இப்படியேதான் இருக்கும், உடை மாற்றுவதில்லை. பெண்ணுக்கு முதுகு பச்சைப் பழுப்பு, வயிறு மஞ்சள், தொண்டை மட்டும் சாம்பல் வெள்ளை. அந்தத் தொண்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலத்தில் முழுக்கக் கருநீலம். காலம் முடிந்ததும் இறகு உதிர்த்து, மேலே பச்சைப் பழுப்பும் கீழே மஞ்சளுமாகப் பெண் மாதிரி ஆகிவிடும். ஆனால் முழுவதும் ஆகாது. மோவாயிலிருந்து நெஞ்சு வழியாக வயிறு வரை நடுவில் ஒரு கருங்கோடு இறங்கும், சிறகின் தோள் பக்கத்தில் கொஞ்சம் மினுமினுப்பும் விட்டிருக்கும். முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கும் மஞ்சள் குருவி ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பெண்ணேதான். அடுத்த பூவுக்குத் தாவ உடம்பைத் திருப்பும் அந்த ஒரு நொடியில், மஞ்சள் நெஞ்சின் நடுவே மையால் இழுத்தது போல் கோடு தெரியும், கோட்டின் ஓரம் நேராக இல்லாமல் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். அது ஆண். பின்னர் புது இறகு திட்டுத்திட்டாக வரும்போது ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று ஒட்டுப்போட்டது போலத் தெரியும், அதைப் புது இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, கோடே இல்லாத மஞ்சள் தேன்சிட்டு. இப்போது தொண்டை. சாம்பல் வெள்ளையாக இருந்து வயிறு மட்டும் மஞ்சள் என்றால் ஊதாப்பிட்டுப் பெண். தொண்டையிலிருந்தே மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டுப் பெண். அலகு தலையைவிட நன்றாக நீண்டு, கொக்கி மாதிரி வளைந்திருந்தால் லோட்டன் பெண்ணா என்று யோசியுங்கள். லோட்டன் ஆணுக்கு மார்பில் அரக்குப் பட்டையும், வயிறு மினுமினுப்பில்லாத பழுப்புமாக இருக்கும், அதை வைத்து ஊதாத் தேன்சிட்டு ஆணிலிருந்து பிரிக்கலாம். இளம்பறவைகள் பெண் போலவே இருப்பதால், வாயோரம் மஞ்சள் தடிப்பு இருக்கிறதா, வால் குட்டையா, சிறகை நடுங்க வைத்துத் தீனி கேட்கிறதா என்று பார்த்த பிறகே பெண் என்று சொல்லுங்கள்.

வால் பொய் சொல்லாது

மாம்பழச்சிட்டு எனக்கு மிகவும் பிடித்த பறவை. புளியமரத்தில் அது இருப்பதே சீட்டியைக் கேட்டுத்தான் தெரியும், மஞ்சளும் பச்சையுமாக இலையோடு இலையாகக் கலந்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு உச்சந்தலை கருத்துவிடும், முதுகிலும் கருப்பு ஏறும், எவ்வளவு ஏறும் என்பது பறவைக்குப் பறவை மாறும். காலம் முடிந்ததும் தலையும் முதுகும் பச்சையாகிவிடும். அப்போது ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரிப்பது? வாலைப் பாருங்கள். ஆணுக்கு வாலும் சிறகும் எல்லாக் காலத்திலும் கருப்பு. பெண்ணுக்கு வால் இலைப்பச்சை, சிறகும் பச்சை கலந்த சாம்பல். சிறகில் வெள்ளைப் பட்டை இரண்டுக்கும் உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குருவி உங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தால் கீழிருந்து வால் நிழலாகத்தான் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் பாருங்கள். ஏற்காடு இதற்கு வசதியான இடம், சரிவில் நின்றால் கீழே இருக்கும் மரத்தின் உச்சி நம் கண்மட்டத்துக்கு வந்துவிடும்.

வீடியோக்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஆஸ்திரேலியாவின் நீலநிற ஃபேரி ரென் குருவியிலும் இதே வழிதான் உதவுகிறது. அது ரென் குடும்பமே கிடையாது, வேறு குடும்பம். ஆண் இனப்பெருக்கக் காலத்தில் பளீர் நீலமும் கருப்புமாக இருந்து, பிறகு பெண் மாதிரிப் பழுப்பாகிவிடும். ஆனால் வாலில் நீலமும் அலகில் கருப்பும் போகாது. பெண்ணுக்கு வால் பழுப்பு, அலகும் கண்ணைச் சுற்றிய இடமும் செம்பழுப்பு. ஆணின் உடம்பு இறகுகள் நிறம் மாறும்போதும் வால் மாறாமல் நிற்பதால்தான், பழுப்புக் குருவிகள் ஒரு கூட்டமாக வந்தால் அங்கே உள்ளவர்கள் முதலில் வாலைப் பார்க்கிறார்கள்.

மலைக்கு மேலே

காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களின் மேல் கிளைகளில் மின்சிட்டுகள் கூட்டமாக வரும். சின்ன மின்சிட்டு ஆணுக்கு முகம் கருஞ்சாம்பல், மார்பு ஆரஞ்சு. பெண்ணுக்கு அடிப்பக்கம் வெளுத்து, லேசாக மஞ்சள் ஓடும். பெரிய ஆரஞ்சு மின்சிட்டில் ஆண் கருப்பும் நெருப்புச் சிவப்பும், பெண் சாம்பலும் நல்ல மஞ்சளும். பெண் மஞ்சள்தான் என்றாலும் மங்கல் கிடையாது, தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். முதல் பத்தியில் சொன்ன கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஒரே கூட்டத்தை இரண்டு இனமாக எண்ண நேரிடும்.

நிழலான ஓடைப்பக்கத்தில் டிக்கெல் நீல ஈப்பிடிப்பானில் ஆணும் பெண்ணும் நீலம், ஆணும் பெண்ணும் ஆரஞ்சு மார்பு. ஆணின் நீலம் அடர்த்தி, நெற்றியும் புருவமும் இன்னும் பளிச்சென்று இருக்கும், ஆரஞ்சு முடியும் இடம் தெளிவாக இருக்கும். பெண்ணில் எல்லாமே ஒரு படி குறைவு. ஜோடியாகப் பார்த்தால் சுலபம், தனியாகப் பார்த்தால் நான் அவசரப்பட மாட்டேன்.

அரசவால் ஈப்பிடிப்பானில் வயதுதான் விஷயம். ரிப்பன் மாதிரி நீண்ட வால் வளர்ந்த ஆணுக்கு மட்டும். ஆனால் வளர்ந்த ஆணில் வெள்ளையும் உண்டு, செம்பழுப்பும் உண்டு. இளம் ஆண் செம்பழுப்பாக, குட்டை வாலோடு, பெண் மாதிரியே இருக்கும். வால் குட்டையாக உள்ள செம்பழுப்புப் பறவையைப் பார்த்தால் தொண்டைக்குப் போங்கள்: சாம்பலாக இருந்தால் பெண், கருப்பாக இருந்து கண்ணைச் சுற்றி நீல வளையமும் இருந்தால் இளம் ஆண்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொன்முதுகு மரங்கொத்தியில் உச்சந்தலை முழுக்கச் சிவப்பென்றால் ஆண், முன்னந்தலை கருப்பில் வெள்ளைப் புள்ளியும் பின்னால் மட்டும் சிவப்பும் என்றால் பெண். குயிலில் கருப்பு ஆண், பழுப்பில் வெள்ளைப் புள்ளியும் பட்டையும் உள்ளது பெண், கண் இரண்டுக்கும் சிவப்பு, கூவுவது ஆண். பச்சைக்கிளியில் கழுத்து வளையம் ஆணுக்கு, ஆனால் அது முழுதாக வர இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பதால் வளையம் இல்லாத கிளியெல்லாம் பெண் கிடையாது. தூக்கணாங்குருவி ஆணுக்கு மழைக்காலத்தில், கூடு கட்டும் நேரத்தில்தான் மஞ்சள் தலை, மற்ற மாதங்களில் அதையும் பெண்ணையும் பிரிக்க முயல வேண்டாம்.

குறித்து வைக்கும்போது

8 மடங்கு பைனாகுலர் போதும், 10 மடங்கு கையில் ஆடும். போட்டோ எடுப்பவர்கள் ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொண்டை, பிட்டம், வால் மூன்றும் விழும்படி எடுங்கள், படம் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படத்தைப் பிரகாசமாக்கும் ஃபில்டர் எதையும் போடாதீர்கள், குண்டுக்கரிச்சான் பெண்ணை அது ஆணாக்கிவிடும். மாதத்தையும் நேரத்தையும் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

ஜோடியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. தேன்சிட்டின் தொங்கும் கூடு வீட்டு வாசல் கொடியிலேயே இருக்கும், கை எட்டும் தூரத்தில். நாம் நிற்கும் நேரமெல்லாம் உள்ளே முட்டை குளிர்கிறது, நாம் நிற்கும் இடத்தைக் காகமும் கவனிக்கிறது. தள்ளி நின்றால் தாயும் தகப்பனும் மாறி மாறி வரும், ஆண் பெண் இரண்டையும் அங்கிருந்தே பார்க்கலாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து ஈபேர்ட் செயலியில் பட்டியலைப் போட்டால் போதும். அதில் ஒவ்வொரு பறவைக்கும் ஆண், பெண், இளம்பறவை என்று தனித்தனியாக எண்ணிக்கை போட இடம் இருக்கிறது, தெரியாதவற்றுக்கும் இடம் இருக்கிறது. கோடு தெரியாத மஞ்சள் தேன்சிட்டு, வால் தெரியாத மாம்பழச்சிட்டு, தனியாக வந்த சின்னான், எல்லாவற்றையும் அந்தத் தெரியாத கட்டத்திலேயே போடுங்கள்.